தாத்தா வேறு வீட்டில்

“மகனை வாரா வாரம் அழிக்கணும். அப்பனை மாசத்துக்கு ஒரு தரம். தாத்தா மேல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது” என்றான் வஜ்தி.

“கொலைகாரன் மாதிரி பேசுறீங்களே மச்சான்” என்றான் வஜ்தியின் மனைவி லுப்னாவின் தம்பி ராகிப். லுப்னா தன் அடுப்பிலிருந்து தூக்கி வந்த தேநீர்க் கெண்டியைத் தம்பியின் மேசையில் வைத்தாள். இன்னும் ஆவி பறந்தது.

வஜ்திக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக் கணினிகளை முறையாக டேப்பில் நகலெடுப்பவன் அம்மான் நகரத்திலேயே தான் ஒருவன்தான் என்பது அவன் எண்ணம். ஞாயிறு முதல் வியாழன் வரை நாளுக்கொரு டேப், அவை மகன்கள். மறுவாரம் அவற்றின் மேலேயே புதுப் பதிவு ஏறும். வாரக் கடைசி நகல் அப்பா. மாதக் கடைசி நகல் தாத்தா. அது மற்றவற்றோடு இருக்கக் கூடாது.

“தீப்பிடிச்சா எல்லாம் ஒண்ணா போயிடக் கூடாதில்ல? அதுக்குத்தான் வேற வீடு” என்று ராகிப்பின் துணி அலமாரியில் தாத்தாவை வைத்தான்.

லுப்னா ஆறு வருடமாகக் கணினியில் வரைந்த காட்டுச் செடிகள், நானூறு படங்கள், ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். “பென் டிரைவ்ல ஒரு நகல் இருக்கு. இர்பித்ல தங்கச்சிகிட்ட குடுத்து வைக்கட்டுமா?” என்றாள்.

“சாவிக்கொத்துல தொங்குற குச்சியை நம்புறவளுக்கு என்னத்தைச் சொல்ல? விதி வேற வீடுன்னுதான் சொல்லுது, வேற ஊருன்னு சொல்லலை. தனிக் கதவு, தனி மீட்டர். போதாதா?”

அன்றே பென் டிரைவைத் துடைத்து, அகபா பயணத்துக்காக அதில் பாட்டு நிரப்பினான்.

சனிக்கிழமை மாலை அகபாவிலிருந்து திரும்பினார்கள். மொட்டை மாடித் தொட்டிகளின் குழாய் விட்டுப்போயிருந்தது. கணினி, டேப் இயந்திரம், தட்டில் அடுக்கிய மகன்கள், அப்பாக்கள் எல்லாவற்றின் மேலும் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியிருந்தது. இரண்டு தொட்டித் தண்ணீரும் தீர்ந்து, தரையில் ஈரம் மட்டும் மிச்சம். லுப்னா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்கு அழுவுற? தாத்தாவை ஏன் வெளியே அனுப்புறேன்னு இப்பவாவது மண்டையில ஏறுதா? ஆபீஸ்ல ஒரு இயந்திரம் இருக்கு. காலையில படம் உன் கையில” என்றபடி வஜ்தி போனை எடுத்தான்.

“ராகிப், மாமனார் ஊர்லேர்ந்து வந்துட்டியா?”

“இப்பதான் கதவைத் திறக்குறேன் மச்சான்.”

“அலமாரியிலேர்ந்து தாத்தாவை எடு.”

மறுமுனையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

“ஒரு டேப்பை எடுக்க இவ்வளவு நேரமாடா? அதுக்கும் நானே வந்து பாடம் நடத்தணுமா?”

“உங்க வீட்டுத் தரைதானே மச்சான், எங்க வீட்டுக் கூரை.”