அஞ்சாம் நம்பர் சட்டை

"குடிகாரனுக்கு மரியாதையாம், மரியாதை!" சிங்காரண்ணன் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாரு. "மைக்கல் போட்ட நம்பரை இனி யாரும் போடக்கூடாதா? உங்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

ஞாயித்துக்கிழமை, எஸ்டேட் பள்ளிக்கூடத்துல எங்க ஹாக்கி டீம் கூட்டம். பேச்சு முழுக்க மைக்கலைப் பத்தித்தான்.

வெள்ளைக்காரன் காலத்துல அவன்தான் எங்க மலைக்கே ராஜா. அஞ்சாம் நம்பர் சட்டையோட பந்தை எடுத்தான்னா தாப்பா டீமே வழி விட்டு நிக்கும். துரை திடலுக்குள்ள ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடிச்சதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஜப்பான்காரன் வந்த வருஷம், மருந்தில்லாம அவன் பொண்டாட்டி கத்தரீன் காய்ச்சல்ல செத்தா. அதோட மனுஷன் போயிட்டான். சம்சுச் சாராயம், சண்டை, அடுத்தவன் தோட்டத்து மரவள்ளியைப் பிடுங்கறது. ஒரு மேட்சுல ரெப்ரியையே மட்டையால அடிக்கப் போனான். டீமை விட்டுத் தள்ளினோம். அவன் சட்டையை நான் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

இப்ப அவனுக்காக வாதாடினதும் நான்தான்.

"அண்ணே, குடிச்சது அவன் கஷ்டம். ஆடினது நம்ம எல்லாருக்கும் பெருமை. சட்டையை அவன்கிட்டயே குடுத்திடுவோம். நம்ம டீம்ல இனிமே அஞ்சாம் நம்பரே வேணாம்."

எஸ்டேட் கணக்கெழுதற கிராணி கிளாரன்ஸ் எழுந்தாரு. "பாத்தீங்களா? துணி கெடைக்காம ஜனங்க கோணிச் சாக்கைக் கட்டிக்கிட்டுத் திரியற காலத்துல, தான் போட்ட சட்டையைக் கழட்டிக் குடுக்கறான் ராமையா. எவ்வளவு பெரிய மனசு!"

எல்லாரும் கை தட்டினாங்க. "மரவள்ளித் திருடனுக்கு மாலை! என்னமோ பண்ணித் தொலைங்க லா," சிங்காரண்ணன் எழுந்து போயிட்டாரு.

பெரிய மனசாம். தூ!

உண்மையைச் சொல்லிடறேன். போன வாரம் ஜப்பான் சக்கரவர்த்தி பொறந்தநாளுக்கு ரிங்லெட் டீமோட எங்களை ஆட விட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் ஆபீசர் கிராணியைக் கூப்பிட்டு, பிரம்பால என்னைக் காட்டினான். சயாம்ல ரயில் பாதை போடத் தெம்பான ஆள் வேணுமாம். எங்க பேரெல்லாம் அவன் வாயில நுழையாது. நோட்டுப் புத்தகத்துல அஞ்சுன்னு மட்டும் எழுதிக்கிட்டான். வியாழக்கிழமை காலைல அஞ்சாம் நம்பர்காரன் அதே சட்டையோட லோரியில ஏறணும், இல்லேன்னா கிராணி தலை இருக்காதுன்னுட்டுப் போனான்.

சயாமுக்குப் போன எங்காளுங்க ஒருத்தன்கூட அதுவரைக்கும் திரும்பி வரல.

என் பொண்டாட்டி ருக்குமணி கிராணி கால்ல விழுந்து கதறினா. அவருதான் மெதுவா யோசனை சொன்னாரு.

"அவனுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான். சட்டையைத்தான் பாப்பான். மைக்கல் போனா அழறதுக்கு யார் இருக்கா?"

எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நான் வேணாம்னு சொல்லல.

மைக்கலைக் கூட்டிட்டு வந்தாங்க. இடுப்புல சாக்கு, மேலே ஒண்ணுமில்ல. குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னான். மாலையைப் போட்டு, சட்டையைக் கையில குடுத்தோம். அவன் அதைப் பாக்கல, என்னையே பாத்தான்.

"ராமையா, இது நீ கேட்டதா?"

"ஆமாடா. உனக்கில்லாம யாருக்கு?"

"சரி," அவ்வளவுதான் சொன்னான்.

மூணு நாள் அவன் சம்சு தொடல. ஒரு நல்ல வார்த்தைக்கு மனுஷன் எப்படித் திருந்திட்டான் பாருன்னு லயத்து ஜனமே பேசிக்கிச்சு. எனக்குச் சோறு எறங்கல. ஆனாலும் நான் வாயைத் திறக்கல.

வியாழக்கிழமை, "ஆபீசர் உன்னைப் பாக்கணுமாம்லா, சட்டையைப் போட்டுக்கிட்டு வா"ன்னு கிராணி அவனைக் கூட்டி வந்தாரு. முகத்தைச் சவரம் பண்ணி, தலையைச் சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னான் பாவி. லோரியில ஏற்கெனவே பத்துப் பதினஞ்சு பேர். சிப்பாய் நோட்டைப் பாத்தான், சட்டையைப் பாத்தான், துப்பாக்கிக் கட்டையால ஏறுன்னு காட்டினான்.

நான்தான் அந்த ஆள்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தல. கூட்டத்தோட கூட்டமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

மைக்கல் திமிறல, என்ன ஏதுன்னு கேக்கவும் இல்ல. தானா ஏறினான். மேலேருந்து குனிஞ்சு என் தோளைத் தொட்டான்.

"ராமையா, அன்னிக்கு ஆட்டத்தப்ப கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடிதான் படுத்துக் கிடந்தேன். ஆபீசர் யாரைக் காட்டினான்னு நானும் பாத்தேன்."

நான் தலையை நிமித்தி அவனைப் பாத்தேன்.

"புள்ளைங்களை நல்லாப் பாத்துக்க."

லோரி நகர ஆரம்பிச்சுது. அவன் குரல் முதல் தடவையா உடைஞ்சுது.

"பொய் எதுக்குடா சொன்னீங்க? நேரா வந்து கேட்டிருந்தாலே போயிருப்பேனே!"