குடம் பிடித்த கை

மாநகராட்சிக் காப்பகத்தின் பழைய புகைப்படங்களில் கரையான் அரித்த இடங்களை இயந்திரமே ஊகித்து நிரப்பியது. அப்படி அது வரைந்து சேர்த்த ஆட்களுக்குப் பிறப்புப் பதிவும் தானாகவே ஏறிவிடும். அப்படித்தான் மரகதத்துக்கு அறுபது வயதில் ஒரு மகன் வந்து சேர்ந்தான்.

"தண்ணி லாரி வரிசையில நிக்கிறது நீங்கதானேம்மா?" என்று திரையைக் காட்டினாள் அலுவலர் பெனாசிர். "உங்க கையைப் பிடிச்சிருக்கிற பையன் இப்ப எங்க இருக்காரு? வீட்டு ஆள் கணக்குல காணோமே."

"எனக்குப் புள்ளையே பொறக்கலியே! அந்தக் கையில நான் புடிச்சிருந்தது குடம்மா."

"அப்போ அழிச்சிடலாம். இங்க விரலை வைங்க."

நீட்டிய விரல் பாதியிலேயே நின்றது. பையனுக்கு அவள் புருஷனின் அதே விடைத்த காதுகள். தார் ரோட்டுச் சூட்டில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அன்றைக்குக் கையில் இருந்தது குடம்தானா என்று அவளுக்கே இப்போது குழம்பியது.

"என்னம்மா யோசிக்கிறீங்க?"

"அந்த வெயில்ல புள்ளைக்கு ஒரு செருப்புகூடப் போட்டுவிடாம நிக்க வச்சிருக்கேனே," என்றாள் மரகதம்.