முகப் பானைப் பேரம்

"இன்னைக்காவது குடுத்துடு, தோமித்திலா. நல்ல விலை தர்றேன்."

உள்ளே வந்ததும் வராததுமாகக் கசிமிரோ தொப்பியைக் கழற்றினார். அலமாரி மேலிருந்த பழங்காலப் பானை அவரையே முறைத்தது. அதன் வயிற்றில் சிவப்பும் கறுப்புமாய் ஒரு மனித முகம். உருட்டி விழிக்கும் கண்கள்.

"செத்தாலும் தர மாட்டேன்."

"அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"பேசிக்கிட்டு இருப்பேன். உன்னை மாதிரி எதிர்த்துப் பேசாது!"

அவள் சோளக் கள்ளை ஊற்றிக் கொடுத்தாள். இருட்டும்வரை பேரம் நீண்டது. தினமும் இதே கதைதான்.

பெரு நாட்டு நாஸ்கா பக்கத்து அந்த மண் தெருவே இதைப் பார்த்துக் கொதித்தது. பழம்பொருள் வியாபாரிக்கு இந்த வீட்டில் தினமும் என்ன வேலை?

"அக்கா, புள்ளைங்க எல்லாம் லீமாவுக்குப் போயிட்டாங்க, நீ தனியா இருக்கேன்னு கழுகு மாதிரி சுத்துறான்" என்றாள் பக்கத்து வீட்டு எல்வியா. "ஒருநாள் ஏமாத்தி வாங்கிடுவான். நம்ம முன்னோர் சொத்து அது. மியூசியத்துல குடுத்துடு. அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டான்."

தோமித்திலாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சமையலறைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த பானை. அவள் சொல்லி அனுப்பினாள்; மறுநாள் மியூசிய வேன் வந்து, பஞ்சில் பொதிந்து எடுத்துப் போனது.

சாயங்காலம் வீடு ஓவென்று கிடந்தது. அழுகை வந்தது. பானைக்காகவா, இனி யாரும் தட்டப் போகாத கதவுக்காகவா என்று தோமித்திலாவுக்கே தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. கசிமிரோ!

"மியூசியத்துக்குக் குடுத்துட்டேன்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இனி உனக்கு இங்க என்ன வேலை?"

அவர் காலி அலமாரியைப் பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணினே."

சொல்லிவிட்டு, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, அந்த நசுங்கின கெட்டில் என்ன விலை?"

"கிண்டலா? அதை வாங்கி எந்தக் கடையில விப்பே?"

"கடை ஏது? என் பொண்டாட்டி செத்துப் போனதுமே டவுன்ல இருந்த கடையை மூடிட்டேன்."

தோமித்திலா திகைத்துப் போனாள்.

"அப்போ, பானையை நான் குடுத்திருந்தா பணத்துக்கு எங்க போயிருப்பே?"

"நீ குடுக்க மாட்டேங்கிற தைரியத்துலதானே தினமும் வந்து கேட்டேன்!"