தேயாத சப்பாத்து

“அக்கா, அண்ணன் சப்பாத்துக்கு என்ன போடுறீங்க? இந்த மினுக்கு மினுக்குதே!”

வாசலில் குந்தி சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஷர்மினியின் கையிலிருந்து துணி நழுவியது. எதிர்வீட்டு லைலா. குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எதையாவது கேட்டுக்கொண்டு வந்து நின்றுவிடுகிறாள்.

“கடையில விக்கிற பாலிஷ்தான் லைலா. வேற என்ன?”

“எங்க வீட்டுக்காரர் சப்பாத்துல பூஞ்சை பூத்துருச்சுக்கா. இந்த மழையில தோல் எங்க தாங்குது?”

“நனைஞ்சா வெயில்ல மட்டும் வைக்காத, தோல் வெடிச்சிரும். உள்ள பேப்பரைக் கசக்கித் திணிச்சு, ஃபேன் காத்துல காய வை. நல்லா காஞ்ச பிறகு பாலிஷ் போடு. ஒரு நாள் போட்டா மறுநாள் ஓய்வு குடுக்கணும்.”

“பேப்பர் திணிச்சா உருவம் கெட்டுப் போயிராதுல?”

“கெடாது. அதான் நல்லது.”

“அண்ணன் சப்பாத்துக்கு மட்டும் எப்பவும் ஓய்வுதான் போலயே. நான் வந்த நாள்லேருந்து இதே இடத்துலதான் பாக்குறேன்.”

ஷர்மினி துணியை எடுத்து மறுபடியும் துடைத்தாள். “அவருக்குப் பிறை டவுன் பக்கம் நைட் ஷிஃப்ட். ஃபேக்டரிக்கு சேஃப்டி பூட்ஸ்தான் போடணும். இது விசேஷத்துக்கு. இப்பத் தூங்குறாரு, சத்தம் போடாதலா.”

“சரிக்கா” என்று லைலா லேசாக நொண்டியபடி போனாள். அவள் குதிகால் இரண்டிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

நைட் ஷிஃப்டாவது, தூக்கமாவது! லோகேஸ்வரன் இந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. விவாகரத்தும் முடிந்துவிட்டது. டிவியிலிருந்து ரைஸ் குக்கர் வரை அள்ளிக்கொண்டு போன மகராசன், கல்யாணத்துக்கு வாங்கிய இந்தச் சப்பாத்தை மட்டும் மறந்துவிட்டான். ஷர்மினி அதைக் குப்பையில் போடத்தான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு டீச்சர் வீட்டுக் கதவை எவனோ வந்து தட்ட ஆரம்பித்தான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கடைசியில் அந்த டீச்சர் பயந்துபோய் வீட்டையே காலி செய்தார்.

அன்று வாசலுக்கு வந்ததுதான் இந்தச் சப்பாத்து. வீட்டுக்குள் இருப்பது ஷர்மினியும் ஆறு வயது மகளும் மட்டுமே என்று எவனுக்கும் தெரியக் கூடாது. லோகேஸ்வரன் செய்யாத குடும்பக் கடமையை அவன் சப்பாத்தாவது செய்யட்டும் என்று பூஞ்சை பிடிக்காமல், தோல் வெடிக்காமல் பார்த்துக்கொண்டாள். கட்டிய காலத்தில் அவனைக்கூட அவள் இப்படிக் கவனித்ததில்லை.

இத்தனை நாள் யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது இந்த லைலா!

அவளுக்கென்ன, கொடுத்து வைத்தவள். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் மாடி முழுக்கக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஷர்மினியும் சாத்திவிடுவாள். அப்போது படிப்பக்கமிருந்து டொக், டொக் என்று கனமான சப்பாத்துச் சத்தம் வரும். எதிர்வீட்டு இரும்புக் கதவு திறந்து மூடும். லைலாவின் புருஷன் அக்மல் வேலை முடிந்து வந்துவிட்டான் என்று அர்த்தம். ஷர்மினி அவன் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால், லைலா சப்பாத்தைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல எல்லாம் பளபளன்னு இருக்குக்கா. ஆனா அடி தேயவே இல்லையே? மண்ணுகூட ஒட்டல.”

“கீழ வை!” ஷர்மினி கத்தியே விட்டாள். “அடுத்தவங்க வீட்டுப் பொருளை எதுக்குத் தொடுற?”

லைலா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஷர்மினி கதவை அறைந்து சாத்தினாள்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மகள் இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை. லைலா இதைப் புருஷனிடம் சொல்வாள். அவன் கீழே சாப்பாட்டுக் கடையில் நாலு பேரிடம் சொல்வான். அதற்குப் பிறகு இந்தக் கதவை எவன் எப்போது தட்டுவான்? வேறு வீடு பார்க்கவா? மகளின் பள்ளிக்கூடம்?

சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். அக்மலையே நேராகப் பிடித்துப் பேசிவிட வேண்டியதுதான். ‘எங்க வீட்டுக்காரர் ரொம்பக் கோபக்காரர், உங்க வைஃபை எங்க சாமானைத் தொட வேணாம்னு சொல்லி வைங்க’ என்று குரலை உயர்த்திச் சொன்னால் போதும், வாயை மூடிக்கொள்வார்கள்.

மக்ரிப் நேரம். மாடியில் எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது. டொக், டொக். சத்தம் படியேறி நெருங்கி வந்தது. ஷர்மினி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவைப் படாரென்று திறந்தாள்.

“இந்தாங்கண்ணே, கொஞ்சம்...”

அண்ணனைக் காணோம். பேப்பர் திணித்த பெரிய ஆண் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி லைலாதான் நின்றுகொண்டிருந்தாள்.

“சத்தம் போடாதீங்கக்கா” என்றாள் மெல்ல. “பாலிஷ் மட்டும் போதாது, அடியும் தேயணும். அதைச் சொல்லத்தான் காலையில வந்தேன். நாளைக்கு அண்ணன் சப்பாத்தையும் குடுங்க, அதையும் போட்டு நடந்து தர்றேன்.”