மேசை வைத்த படம்

செண்பகவல்லி வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில், கைபேசியில் இருக்கும் படங்களிலிருந்து அவரவருக்குப் பொருத்தமான ஒன்றை மேசையே தேர்ந்து தன் பரப்பிலுள்ள திரையில் வைத்துக்கொள்ளும். அன்று பள்ளி விடுமுறை என்பதால் எட்டு வயது மகள் நிறைமதியையும் கூட்டி வந்திருந்தாள். மேசையில் எதிர்வீட்டு நாயின் படம் இருந்தது.

"என் படம் எங்கம்மா?"

செண்பகவல்லிக்கும் அதுதான் புரியவில்லை. மகள் படத்தை எத்தனை முறை வைத்தாலும் மதியத்துக்குள் நாய் வந்துவிடுகிறது. பராமரிப்புப் பிரிவு அருளானந்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் மேசையைச் சோதித்துப் பார்த்தார். "ரிப்பேர் ஒண்ணும் இல்ல மேடம். மேசைமேல கை வெச்சிருக்கும்போது, எதைப் பாத்தா உங்க நாடி நிதானமா ஓடுதோ, அதைத்தான் வைக்கும். பாப்பாவைப் பாத்தா படபடன்னு அடிக்குதாம்."

அவர் போனதும் நிறைமதி கேட்டாள். "என்னைப் பாத்தா பயமாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். காய்ச்சல், பள்ளி வேன், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"ஆமாண்டி," என்றாள். "ஏன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நிறைமதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாயை மறைத்தபடி மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.