ரிப்பன் தின்ற ஆடு

வாய்க்காலின் குறுக்கே ஒரு கிழட்டு மரப்பாலம் இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு சிமென்ட் பாலம்; அதன் முகப்பில் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"தம்பி, என் நடுப்பலகை இன்னிக்கோ நாளைக்கோ முறிஞ்சிடும். யாராவது விழுந்து வைப்பாங்க. இனிமே ஆளுங்களை நீ ஏத்திக்கிட்டா என்ன?" என்றது மரப்பாலம்.

"ரிப்பன் வெட்டாம யாருண்ணே என்மேல ஏறுவா? திறந்து வைக்கப் பெரிய மனுஷர் வரணுமே."

"எப்ப வருவாராம்?"

"போன மாசமே வர்றதா இருந்தாரு."

அதற்குள் சந்தைக் கூட்டம் தலைச்சுமையோடு வந்துவிட்டது. மரப்பாலம், பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மொட்டைக்காது வெள்ளாட்டைக் கூப்பிட்டது.

"ஆத்தா, அந்தச் சிவப்பு ரிப்பன் கரும்பா இனிக்குதாம்!"

"யாரு சொன்னா?"

"தின்னவங்கதான்!"

ஆடு ஒரே இழுப்பில் இழுத்து மென்றது. "சப்புனு இருக்கு. இந்த வயசுல இப்படிப் புளுகுறீரே!" என்று திட்டிக்கொண்டே, வாயில் பாதி ரிப்பன் தொங்க, புதுப்பாலம் ஏறி அக்கரைக்கு நடந்தது.

"அடியே, பாலத்தைத் திறந்துட்டாங்க போல!" என்று ஒருத்தி கூடையோடு பின்னால் ஏறினாள். கூட்டமே அவள் பின்னால் போனது.

"அண்ணே, கூசுது!" என்று சிரித்தது சிமென்ட் பாலம்.

அன்று மரப்பாலத்தில் ஏறியது ஒரே ஓர் எறும்புதான்.

"பயப்படாதே ராசா, குதிச்சுக்கிட்டே போ!" என்றது மரப்பாலம்.