வயதுக்கேற்ற மரியாதை

ஆற்றங்கரை நாவல் மரத்தில் வயதான அண்ணன் குரங்கும் தங்கைக் குரங்கும் வசித்தன. தங்கை தினமும் காலையில் தாழ்ந்த கிளையைப் பிடித்துத் தொங்கும். பிறகு கீழே கிடந்த மூங்கில் மேல் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். சில நாள் விழவும் செய்யும்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்தக் கூத்து? நாலு பேர் பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?" என்று அண்ணன் கேட்கும். அண்ணனுக்குப் பழம் பறித்துத் தரவும் முதுகு சொறிந்துவிடவும் பேரக்குரங்குகள் இருந்தன. உட்கார்ந்த இடத்தை விட்டு அது எழுந்து மாதக்கணக்காகிவிட்டது.

"என் பழத்தை நானே பறிச்சுத் திங்கணும், அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தங்கை மறுபடி மூங்கிலில் ஏறும்.

அந்த மழைக்காலத்தில் ஆறு பெருகி, நாவல் மரத்தின் வேரை அரித்தது. மேடான அக்கரைக்குத் தப்பிப் போக, ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த ஒரு பனைதான் வழி. தங்கை கைகளை விரித்து நிதானமாக நடந்து கடந்துவிட்டது. அண்ணன் எழுந்து நின்றது; கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பேரக்குரங்குகளில் ஒன்று வாலையும் இன்னொன்று கழுத்தையும் பிடித்து, பாதி வழி தண்ணீரில் முங்க முங்க அதை இழுத்துக்கொண்டு போயின.

அக்கரையில் அண்ணன் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, தங்கையைப் பரிதாபமாகப் பார்த்தது.

"என்னை எவ்வளவு மரியாதையா தூக்கிட்டு வந்தாங்க, பார்த்தியா? பாவம், உன்னைத்தான் நடக்க விட்டுட்டாங்க."